மலையடிவாரத்துக்காரனிடம் கேட்கும் கேள்விகள்: நடை, கூடாரம், காட்டோர இரவு

பெரியகுளத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் வடக்கே கொடைக்கானல் மலை தெரியும். இதனாலேயே சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று டிசம்பர் பிறந்ததும் போன் வர ஆரம்பித்துவிடும். "ட்ரெக்கிங் போகலாம்னு இருக்கோம்" என்று தொடங்கி எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். நான் கைடு இல்லை, வனத்துறையும் இல்லை. இருபது வருடமாக மலைக்குப் போய் வருகிறவன், அவ்வளவுதான்.

ட்ரெக்கிங் என்றால் உச்சிக்கு ஏறியே ஆக வேண்டுமா?

வேண்டாம். முதல் பத்து வருடம் நானும் அப்படி நினைத்துத்தான் மூச்சிரைக்க ஓடினேன். உச்சியில் பத்து நிமிடம் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் இறங்க வேண்டுமே என்று மறுபடி ஓட்டம். வழியில் என்ன மரம் இருந்தது, என்ன பறவை கத்தியது என்று கேட்டால் ஒன்றும் தெரியாது.

மலையை அனுபவிக்கப் பல வழிகள் இருக்கின்றன. காலையில் ஏறி மதியம் திரும்பும் பகல் நடை ஒன்று. சாமி கும்பிடப் படியேறுவது இன்னொன்று. நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து நடப்பது அதுதான். பைனாகுலரை எடுத்துக்கொண்டு, மலைப் பள்ளத்தில் அடர்ந்து கிடக்கும் ஒரு சோலைக் காட்டின் ஓரத்தில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பதும் மலைக்குப் போனதுதான். எஸ்டேட்டில் கூடாரம் அடித்து வானம் பார்ப்பது, பழைய குதிரைப் பாதையில் ஊரிலிருந்து ஊருக்கு நடப்பது, மழை விட்ட மறுநாள் அடிவாரத்து ஓடையோரம் சும்மா நடப்பது என்று இன்னும் சொல்லலாம். இவற்றில் எதுவும் மட்டம் கிடையாது. என் ஓட்டு, ஊரிலிருந்து ஊருக்கு நடப்பதற்கு. ஏன் என்று கீழே வருகிறது.

நாங்கள் நாலு பேர், எங்கள் பாட்டுக்கு ஒரு மலையில் ஏறினால் யார் கேட்கப் போகிறார்கள்?

வனத்துறை கேட்கும், அபராதமும் போடும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். புலிகள் காப்பகம், சரணாலயம் என்றால் இன்னும் கடுமை.

ஆனால் நான் அபராதத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. 2018 மார்ச் 11 அன்று எங்கள் மாவட்டத்தில் போடி பக்கம் குரங்கணி மலையில் தீ பிடித்தது. காய்ந்த புல் சரிவில் மாட்டிக்கொண்ட மலையேற்றக் குழுக்களில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் இந்தப் பக்கம் பிப்ரவரியில் மலையில் புகை தெரிந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும்.

இப்போது முறையான வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி 40 வழித்தடங்களை அறிவித்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர் மக்களிலிருந்தே, பல இடங்களில் பழங்குடியினரிலிருந்தே, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூட வருவார்கள். காசு கொஞ்சம் கூடுதல் என்று பலர் முனகுகிறார்கள். அந்த மலையை உள்ளங்கை போலத் தெரிந்த ஒருவர் முன்னால் நடப்பதற்கு அது அதிகமில்லை என்பது என் கட்சி.

எந்தத் தடம் எப்போது திறந்திருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸையும் மறக்க வேண்டாம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

முதல் முறை. எங்கே போகலாம்?

உங்கள் ஊரிலிருந்து பக்கமாக எது இருக்கிறதோ அங்கே. எட்டு மணி நேரம் பஸ்ஸில் தூங்காமல் வந்து விடிகாலையில் மலையேற ஆரம்பிப்பவர்கள்தான் பாதியில் வாந்தி எடுக்கிறார்கள்.

சென்னைக்காரர்களுக்கு பூண்டி பக்கத்தில் குடியம் குகைகள் இருக்கின்றன. மலை என்று சொல்ல முடியாது, புதர்க்காட்டில் ஒரு நடை. ஆனால் கற்கால மனிதர்கள் தங்கிய பாறை ஒதுக்கிடங்கள் அவை. அதே வட்டாரத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் உலகப் புகழ் பெற்றவை. 'கேம்பிங்' எவ்வளவு பழைய பழக்கம் என்பது அங்கே நின்றால் புரியும். வெயில் மட்டும் மண்டையைப் பிளக்கும், காலையிலேயே முடித்துவிடுங்கள்.

வேலூர், பெங்களூரு பக்கத்தினருக்கு ஏலகிரியில் சுவாமிமலை. கோத்தகிரியில் லாங்வுட் சோலை என்று ஒரு சின்னக் காடு உண்டு; ஏற்றம் குறைவு, பறவை அதிகம். முதல்முறை சோலைக்காடு பார்க்கிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. தெற்கே நாகர்கோவில் பக்கம் மருந்துவாழ்மலை. மேலே போனால் கடல் தெரியும், தென்னந்தோப்புகள் தெரியும், காற்று ஆளைத் தள்ளும்.

அப்புறம் எங்கள் ஊர்ப் பாதை. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவி வழியாக கும்பக்கரைக்கு இறங்குவது. கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை வருவதற்கு முன்பு மனிதர்களும் சரக்கும் மலையேறியது இந்தப் பக்கத்துப் பாதைகளில்தான். வெள்ளகெவி நெடுங்காலம் சாலையே இல்லாமல் இருந்த ஊர். ஊருக்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள். வீடுகளோடு வீடாகக் கோயில்கள் இருப்பதால் ஊரே சாமி குடியிருக்கும் இடம் என்று நினைக்கிறார்கள். வெளியூர்க்காரரும் எல்லையிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். மூன்று மணி நேரம் ஷூவுக்குள் வெந்த பாதம் அந்தக் குளிர்ந்த மண்ணில் படும்போது ஒரு சுகம் இருக்கிறதே! ஊரிலிருந்து ஊருக்கு நடப்பதுதான் பிடிக்கும் என்றேனே, இதனால்தான். நடுவில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கடுங்காப்பி குடிக்கலாம், அந்த வருடம் காப்பி என்ன விலை போனது என்று கேட்கலாம்.

ஆனால் இறக்கம் முட்டியைப் பதம் பார்க்கும். 'இறங்கத்தானே போகிறோம்' என்ற நினைப்பில் வருகிறவர்கள் மறுநாள் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே சுவரைப் பிடிப்பார்கள்.

வெள்ளியங்கிரி, சதுரகிரி, பர்வதமலை எல்லாம் ட்ரெக்கிங் கணக்கில் வருமா?

வராமல்? தமிழ்நாட்டில் மலையேறியவர்களை எண்ணினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இப்படி ஏறியவர்களாகத்தான் இருப்பார்கள். ஷூ இல்லை, டிராக் பேண்ட் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு மூங்கில் கழியோடு ஏழு மலை ஏறி இறங்குகிறார்கள்.

அந்தக் கழிதான் இதில் பெரிய விஷயம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் ட்ரெக்கிங் ஊன்றுகோல் செய்கிற வேலையை, வெள்ளியங்கிரி ஏறும் கோவைப் பக்கத்துப் பூண்டி அடிவாரத்தில் விற்கும் மூங்கில் கழி செய்கிறது. இறங்கும்போது உடம்புப் பாரத்தில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். வெள்ளியங்கிரி பிப்ரவரி முதல் மே வரைதான் திறந்திருக்கும். பலர் இரவில் ஏறி விடிகாலையில் ஏழாவது மலையில் இருப்பார்கள். கீழே கோவையில் வியர்த்து ஊற்றும் மாதத்தில் மேலே பல் கிட்டும். நனைந்த சட்டையோடு அந்தக் காற்றில் உட்காராதீர்கள், மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

மூச்சடைத்து, நெஞ்சு வலித்து இறந்துபோன செய்திகள் வெள்ளியங்கிரியிலிருந்து வருகின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. 'சாமி பார்த்துக்கொள்ளும்' என்பதை நான் மறுக்கவில்லை, மாத்திரையையும் போட்டுக்கொள்ளுங்கள்.

வத்திராயிருப்பு பக்கத்துச் சதுரகிரியில் ஆபத்து தண்ணீரில் இருக்கிறது. 2015 மே மாதம் அங்கே திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் இறந்தார்கள். அடிவாரத்துத் தாணிப்பாறையில் 'இன்று அனுமதியில்லை' என்று திருப்பி அனுப்பினால் சண்டை போடாமல் திரும்புங்கள். பர்வதமலை வேறு மாதிரி. கடைசிப் பகுதியில் சங்கிலியையும் பாறையில் அடித்த கடப்பாறைகளையும் பிடித்து ஏற வேண்டும். உயரம் என்றால் தலை சுற்றுகிறவர்கள் அங்கே போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம்.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை. இதுதான் குறுகிய பதில்.

நீளமான பதில் எந்த மலை என்பதைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறை, கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்க்கும். அதே நாட்களில் மலையின் கிழக்குச் சரிவு ஓரளவு காய்ந்திருக்கும். எங்கள் பக்கத்துக்கு முக்கிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கில். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம் என்று ட்ரெக்கிங் தடங்களை மூடிவிடுகிறார்கள், குரங்கணி கற்றுத்தந்த பாடம் அது. மே மாதம் திறந்திருந்தாலும் நான் போக மாட்டேன். கொடைக்கானல் சாலையில் வண்டிகள் எறும்பு வரிசையில் நிற்கும்.

ஓடை, அருவி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கீழே சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்துகொண்டிருக்கும். தண்ணீர் கலங்கலாக மாறினால், சருகும் குச்சியும் மிதந்து வர ஆரம்பித்தால், குளித்துக்கொண்டிருந்த கோலத்திலேயே கரையேறுங்கள். சோப்பை எடுக்கப் போக வேண்டாம்.

உடம்பு எவ்வளவு தயாராக இருக்க வேண்டும்? எவ்வளவு நேரம் பிடிக்கும்?

நிறுத்தாமல் ஒரு மணி நேரம் வேகமாக நடக்க முடிகிறதா, மூன்று மாடி ஏறிவிட்டுப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் எளிய தடங்களுக்குப் போதும். முடியாவிட்டால் ஒரு மாதம் தினமும் படியேறுங்கள். இறங்கும்போதும் லிஃப்டில் வராமல் படியில் இறங்குங்கள், தொடையை வலுவாக்குவது அதுதான்.

நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1892-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்ற மலையேறி சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 8 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம். இது நல்ல பழக்கமுள்ள ஆளுக்கு. நம் குழுவில் ஒருவர் செல்ஃபி எடுப்பார், ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடிக்கும், ஒருவர் பாதியில் ஷூ லேஸ் கட்டுவார். பாதிக்குப் பாதி கூட்டி நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையின் கிழக்குப் பக்கம் மாலை நாலரைக்கே வெயில் மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

குழுவில் மெதுவாக நடக்கிறவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால், மற்றவர்கள் உட்கார்ந்து ஓய்வெடுத்து அவர் வந்து சேர்ந்ததும் எழுந்து கிளம்புவார்கள். பாவம், அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

விலை கூடின ஷூ வாங்க வேண்டுமா?

முதல் இரண்டு நடைக்கு வேண்டாம். அடியில் பள்ளம் பள்ளமாகப் பிடிமானம் உள்ள, ஏற்கெனவே காலுக்குப் பழகிய ஷூ போதும். புது ஷூவோடு மலையேறாதீர்கள், கொப்புளம் நிச்சயம். வாங்குவதானால் அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள். இறக்கத்தில் கால் முன்னால் சரிந்து விரல்கள் இடிக்கும். கிளம்பும் முன் கால் நகங்களை வெட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் போய் எனக்கு ஒருமுறை கட்டைவிரல் நகமே கறுத்து விழுந்தது.

குளிருக்கு என்ன எடுத்துக்கொள்வது?

1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். கோவை ஏறத்தாழ 400 மீட்டரில் இருக்கிறது, தொட்டபெட்டா 2637 மீட்டர். கீழே 30 டிகிரி என்றால் மேலே 16, அதற்கு மேல் காற்று. ஜனவரி விடிகாலையில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட இரண்டு மூன்று மெல்லிய உடைகள் நல்லது; ஏறும்போது கழற்றலாம், நின்றதும் போடலாம். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் காயாது. ஜீன்ஸ் இன்னும் மோசம்.

மற்றபடி பையில் டார்ச், ரெயின்கோட், விசில், மருந்து, பவர் பேங்க். பை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் சந்தோஷமாக நடக்கலாம்.

சாப்பாடு?

கட்டுச்சோறு இருக்க, பிஸ்கட் பாக்கெட் எதற்கு? புளியோதரை மறுநாள் வரை கெடாது. நல்லெண்ணெய் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் அப்படித்தான். வாழை இலையிலோ மந்தாரை இலையிலோ கட்டினால் குப்பையும் கிடையாது. நடந்துகொண்டே கொறிக்கக் கடலைமிட்டாய், பொரிகடலையும் வெல்லமும், பேரீச்சம்பழம். தயிர்சாதம் மட்டும் வேண்டாம், மதியத்துக்குள் புளித்துவிடும், தூக்கமும் வரும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும் கலந்திருக்கட்டும். சுனைத் தண்ணீரைத் தாத்தா குடித்தார் என்பதற்காக நாமும் அப்படியே குடிக்க முடியாது. மேலே எந்த மாடு நின்றது, எந்தக் கூட்டம் குளித்தது என்று யாருக்குத் தெரியும்? கொதிக்க வைக்கலாம், அல்லது வடிகட்டி கொண்டுபோகலாம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

காட்டுக்குள் டென்ட் போட்டுத் தங்கலாமா?

முடியாது. தமிழ்நாட்டுக் காப்புக்காட்டில் நாமாகக் கூடாரம் அடித்துத் தங்குவதற்கு வழியில்லை. 'ரகசிய இடம் தெரியும்' என்று யாராவது கூப்பிட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

காட்டோரம் தங்கலாம். தனியார் எஸ்டேட், தோட்டம், அனுமதி பெற்ற முகாம்கள், சில இடங்களில் வனத்துறையின் தங்குமிடங்கள் என்று நிறைய உண்டு. கொழுக்குமலை இதற்குப் பேர்போனது. மலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும், ஜீப்பில் போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தால் காலுக்குக் கீழே மேகம் பஞ்சுப் பொதியாகக் கிடக்கும், அதற்கு அப்பால் சூரியன். படத்தில் பார்த்தது பொய்யில்லை என்று முதல்முறை எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வாரக் கடைசியில் போனால் பக்கத்துக் கூடாரத்தின் புளூடூத் ஸ்பீக்கரும் சேர்ந்து வரும். செவ்வாய், புதனில் போங்கள்.

பதிவு செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இடம் பட்டா நிலமா, கழிப்பறை எவ்வளவு தூரம், இரவில் ஊழியர் யாராவது அங்கேயே தங்குகிறார்களா. நான் ஒருமுறை இதைக் கேட்காமல் போனேன். ராத்திரி பத்து மணிக்கு முகாமில் வேலை பார்த்த பையன் ஜீப்பை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டான், பதினோரு மணிக்குக் காட்டுமாடு வந்தது. கூடாரத்துக்கு வெளியே அது மூச்சு விடும் சத்தத்தை எண்ணிக்கொண்டே விடிய விடியக் கிடந்தேன்.

டென்ட்டை எப்படிப் போடுவது?

முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வீட்டு ஹாலிலேயே ஒருமுறை போட்டுப் பழகுங்கள், இருட்டில் மழையில் கையேட்டைப் படிக்க முடியாது. பள்ளத்தில் போடக் கூடாது, தண்ணீர் தேங்கும். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியிலும் கூடாது. ஓடைக்கரை பார்க்க அழகாக இருக்கும், வேண்டாம். லேசான மேட்டில் போடுங்கள், வாசல் காற்று வரும் திசைக்கு மறுபுறம் பார்த்திருக்கட்டும்.

எல்லோரும் ஸ்லீப்பிங் பேக்கைப் பற்றியே கேட்கிறார்கள். அடியில் போடும் விரிப்பை, அதாவது 'மேட்' பற்றி, யாரும் கேட்பதில்லை. குளிர் பெரும்பாலும் தரையிலிருந்துதான் ஏறும். நாம் படுத்திருக்கும் பக்கம் ஸ்லீப்பிங் பேக் நசுங்கிப்போய்க் குளிரைத் தடுக்காது. நல்ல மேட் இருந்தால் சுமாரான போர்வையோடும் தூங்கலாம். கோரைப்பாய் ஒன்றும் சேர்ந்தால் ராஜ சயனம். காற்றோட்டத்துக்கு ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் நம் மூச்சுக்காற்றே உள்சுவரில் நீராகப் படிந்து விடியலில் முகத்தில் சொட்டும்.

கேம்ப்ஃபயர் போட்டால்தானே கேம்பிங்?

முகாம்காரர்கள் அதற்கென்று அமைத்த இடத்தில், அவர்கள் தரும் விறகில், காற்றில்லாத இரவில் என்றால் சரி. புல்வெளியில் ஒருபோதும் கூடாது. சரிவில் தீ மேல்நோக்கி மிக வேகமாக ஓடும், ஏனென்றால் மேலே இருக்கும் புல்லைச் சூடாக்கிக்கொண்டே அது ஏறுகிறது. புல் காய்ந்திருந்தால் நொடியில் பற்றும். படுக்கும் முன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பலில் கை வைத்துப் பாருங்கள். சூடு இருந்தால் இன்னொரு குடம்.

நான் இப்போதெல்லாம் தீ மூட்டுவதில்லை. தீயைச் சுற்றி உட்கார்ந்தால் கண் அதற்குப் பழகி வானம் தெரியாமல் போகிறது.

அப்படியானால் ராத்திரி முழுக்க என்ன செய்வது?

டார்ச்சை அணைத்துவிட்டு இருபது நிமிடம் சும்மா இருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது.

ஜனவரி இரவில் நேர்க்கோட்டில் மூன்று நட்சத்திரங்களைக் கண்டுபிடியுங்கள், குழந்தை கூடக் கண்டுபிடித்துவிடும். அதற்குப் பக்கத்தில் சிவப்பாக ஒன்று மின்னுகிறதே, அதுதான் திருவாதிரை. அந்த மூன்றையும் இணைக்கும் கோட்டை மேற்கே நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி, இன்னும் நீட்டினால் கொத்தாகக் கார்த்திகை. எதிர்ப்பக்கம் நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான சிரியஸ். ஜாதகக் கட்டத்தில் மட்டுமே கேள்விப்பட்ட பெயர்களை வானத்தில் காட்டியதும் என் அத்தை, "இதுதான் என் நட்சத்திரமா?" என்று அரை மணி நேரம் ரோகிணியையே பார்த்துக்கொண்டிருந்தார். டிசம்பர் 14-ஐ ஒட்டி ஜெமினிட் எரிகல் மழை வரும், பாயை விரித்துப் படுத்துக்கொண்டால் போதும்.

வானத்துக்காகவே போவதானால் ஜவ்வாது மலை. அங்கே காவலூரில் வைணு பாப்பு ஆய்வகம் 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு இருக்கிறது. அவ்வளவு பெரிய கண்ணாடியைக் கொண்டுவந்து வைக்க அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் இருட்டு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

யானை வந்தால்?

பெரும்பாலும் வருவது நாம்தான், அது அங்கேயே இருக்கிறது. சூடு ஆறாத சாணம், புதிதாக ஒடிந்த கிளை, உரித்த பட்டை கண்ணில் பட்டால் நின்றுவிடுங்கள். வழிகாட்டி என்ன சொல்கிறாரோ அதை மட்டும் செய்யுங்கள். பெரும்பாலும் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பச் சொல்வார். போனைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். யானையை ஓட்டத்தில் ஜெயிக்க நம்மால் முடியாது.

எனக்கு யானையைவிடக் கரடி பயம். அதற்குக் கண்பார்வை மந்தம், திடீரென்று கிட்டத்தில் போய் நின்றுவிட்டால் மிரண்டு மேலே பாயும். அதனால் புதர் அடர்ந்த வளைவுகளில் பேசிக்கொண்டே நடப்பது நல்லது. சென்ட், வாசனைத் தைலம் போட்டுக்கொண்டு வராதீர்கள். கூடாரத்துக்குள் சாப்பாடு வைக்காதீர்கள், எலியில் ஆரம்பித்துப் பன்றி வரை தேடி வரும்.

அட்டை, உண்ணி, பாம்பு?

அட்டையால் உயிருக்கு ஆபத்தில்லை, அருவருப்பு மட்டும்தான். மழைக்காலச் சோலையில் கட்டாயம் ஏறும். காலுறைக்கு மேல் மூக்குப்பொடியோ, உப்பும் சுண்ணாம்பும் கலந்தோ தேய்த்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். கடித்துவிட்டால் நகத்தால் பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளை உள்ளே விடுவதால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம்.

உண்ணிதான் கவனிக்க வேண்டியது. உண்ணிக் காய்ச்சல் என்று நம்மூரில் சொல்லும் ஸ்க்ரப் டைஃபஸ், கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியால் வருகிறது. மலைக்குப் போய்வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த புண் இருக்கிறதா என்று பாருங்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் இருக்கும். மருத்துவரிடம் 'காட்டுக்குப் போனேன்' என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் குணமாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. புல்லில் நேரடியாகப் படுக்காமல், திரும்பியதும் உடையை வெந்நீரில் போட்டுக் குளித்துவிட்டால் பெருமளவு தப்பிக்கலாம்.

பாம்பு கடித்தால் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். காலை அசைக்காமல் ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். சிக்னல் கிடைத்ததும் 108. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கும்.

பெண்கள் மட்டும் போகலாமா?

எங்கள் பக்கம் இப்போது அப்படி வரும் குழுக்கள்தான் ஒழுங்காக நடந்து, ஒழுங்காகக் குப்பையைக் கொண்டுபோகின்றன. வனத்துறைத் தடங்களில் தடையில்லை. சில கோயில் மலைகளில் வழக்கம் வேறாக இருக்கலாம், கேட்டுக்கொண்டு போங்கள். வழக்கங்களும் மாறுகின்றன. 1868 மீட்டர் உயரப் பொதிகையின் அகத்தியர் சிகரத்துக்குக் கேரளப் பக்கத்திலிருந்து பெண்களை நெடுநாள் விடாமல் இருந்தார்கள். நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2019 ஜனவரியில் பெண்களும் ஏறினார்கள்.

ஒதுங்க என்ன வழி?

கூச்சப்பட்டுக்கொண்டே எல்லோரும் கேட்பது. கிளம்பும் முன் முடித்துக்கொள்வது உத்தமம். முடியாவிட்டால் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, ஓடையிலிருந்தும் பாதையிலிருந்தும் அறுபது எழுபது தப்படி தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி, முடித்ததும் மண்ணை மூடுங்கள். டிஷ்யூ, நாப்கின் எதையும் புதைக்காமல் ஒரு டப்பாவில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும்.

சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

தடத்துக்குத் தடம் வயது வரம்பு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு இரண்டு கிலோமீட்டரே அதிகம். வேகம் அதனுடையதாக இருக்கட்டும். ஒரு வண்டு உருட்டும் சாணி உருண்டைக்கு முன்னால் கால் மணி நேரம் உட்காரும், நாமும் உட்கார வேண்டியதுதான்.

அதற்கு முன்னால் மொட்டை மாடியில் ஒரு ராத்திரி கூடாரம் போடுங்கள். என் மகளுக்கு அப்படித்தான் தொடங்கியது. நிலாச்சோறு உருட்டிக் கொடுத்து, கொசுவர்த்தி ஏற்றி, பத்து மணிக்குக் கதை சொல்லி முடித்தோம். பதினொன்றுக்கு 'பாத்ரூம்' என்றாள். பன்னிரண்டுக்கு 'பயமா இருக்கு, கீழ போலாம்' என்றாள். மூன்றாவது முறைதான் விடியும் வரை தூங்கினாள். இப்போது பதிமூன்று வயது. 2018-இல் நீலக்குறிஞ்சி பூத்தபோது சின்னப் பிள்ளையாக என் தோளில் உட்கார்ந்து பார்த்தது அவளுக்கு நினைவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதானே, அடுத்து 2030. அதற்கு இப்போதே காலண்டர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் நாயையும் கூட்டி வரலாமா?

வேண்டாம். காட்டு விலங்குகளுக்கு அதனிடமிருந்து நோய் போகும், சிறுத்தைக்கு அது இரை, கரடியைக் குரைத்துக் கிளப்பிவிட்டு உங்களிடமே ஓடிவரும். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.